கண்ணுக்குள் வாயுக் குமிழ், மலைமேல் வீடு

விழித்திரை விலகலுக்கு, அதாவது கண்ணின் உள்பக்கம் ஒளியை வாங்கும் மெல்லிய படலம் பிரிந்துவிடுவதற்கு, ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி வீட்டுக்கு அனுப்பும்போது, வாயு கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். மலை ஏறக் கூடாது என்பதைச் சிலர் சொல்வதில்லை. எங்கள் நீலகிரியிலிருந்து எத்தனையோ பேர் கண் வைத்தியத்துக்காகக் கோவைக்கு இறங்குகிறோம். வேலை முடிந்ததும் மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறிவிடுகிறோம். கண்ணில் வாயு இருக்கும்போது அப்படி ஏறினால் பார்வையே போய்விடலாம். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று மலையில் வீடு உள்ளவர்கள் மீதியைப் படிக்காவிட்டாலும் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 51 வயது. குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே தடிமனான கண்ணாடிதான். வலது கண் மைனஸ் 9, இடது கண் மைனஸ் 7. கணவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள். அப்போது அவளிடம் கைக்குழந்தை. அதனால் நான் சொல்லப்போவது எல்லாமே பெரும்பாலும் தனியாக அலைந்து, தனியாகப் பட்டது.

ஒரு சாயங்காலம் ஆபீஸில் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போது வலது கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் பளிச்சென்று வந்து போனது. விளக்குதான் மினுக்குகிறது என்று நினைத்து நிமிர்ந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை அசைத்தால் இருட்டிலும் அதே கீற்று. காலையில் பார்வைக்கு நடுவே கரும்புள்ளிகளும் இழைகளும் மிதந்தன. ஒன்றிரண்டு புள்ளிகள் எனக்கு வருஷக்கணக்காக உண்டு. இது அப்படியில்லை, திடீரென்று ஒரு கூட்டமே வந்திருந்தது. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஒரு கண் கிளினிக்குக்குப் போனேன். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி முன்பக்கம் மட்டும் பார்த்தார்கள். “கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் பாக்கறீங்களா? கண்ணு வறண்டிருக்கு. வயசானா இந்தப் புள்ளியெல்லாம் வரும்” என்று சொல்லி, வறட்சிக்கு ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண்மணியை விரியவைக்கும் மருந்தை ஊற்றவே இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நான் சொன்ன மூன்று விஷயங்களும், அதாவது கீற்று வெளிச்சம், திடீர்ப் புள்ளிகள், அதிக மைனஸ் பவர், எல்லாம் சேர்ந்தால் விழித்திரையை ஓரம்வரை பார்க்காமல் விடக் கூடாது என்பது கண் மருத்துவத்தில் பாலபாடம்.

ஏன் என்று அப்புறம் கோவை டாக்டர் விளக்கினார். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயதாக ஆக இளகி, விழித்திரையை விட்டுப் பிரியும். பெரும்பாலானவர்களுக்கு அது தொல்லையில்லாமல் நடந்துவிடும். சிலருக்குப் பிரியும்போது விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும். அதிக மைனஸ் உள்ளவர்களுக்குக் கண் நீண்டு, விழித்திரை மெலிந்திருப்பதால் ஆபத்து கூடுதல். புரை ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இது வந்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சுற்றிலும் லேசர் வைத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், செலவும் சில ஆயிரங்களோடு நிற்கும். விட்டுவிட்டால் கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்து விழித்திரையை உரித்துவிடும். அதனால் இந்த அறிகுறியோடு யார் போனாலும் வாய்விட்டுக் கேளுங்கள்: “மருந்து ஊத்தி, ரெட்டினாவை ஓரம் வரைக்கும் பார்த்தீங்களா?” தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, மேலே பார், கீழே பார் என்று டாக்டர் சொல்லியிருந்தால்தான் அந்தச் சோதனை நடந்திருக்கிறது என்று அர்த்தம். நடக்கவில்லையென்றால் அன்றைக்கே வேறு இடத்துக்குப் போங்கள். மருந்து ஊற்றினால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. கூட ஒருவர் இருந்தால் நல்லது.

வறட்சி மருந்தை ஊற்றிக்கொண்டு சில நாள் ஓடியது. அப்புறம் ஒரு காலை பல் தேய்க்கும்போது வலது கண்ணில் மூக்குப் பக்கம், கீழே ஒரு நிழல். கண்ணாடியைத் துடைத்தும் போகவில்லை. மத்தியானத்துக்குள் நிழல் மேலே ஏறிக்கொண்டே வந்தது. வலி துளிகூட இல்லை. வலித்திருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது பதறியிருப்பார்கள். வலிக்காததால் “நாளைக்குப் போகலாமே” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். பர்லியாறு வளைவுகளில் இறங்கும்போது இடது கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டுப் பையனின் முகம் பாதிதான் தெரிந்தது. கோவை போய்ச் சேர்வதற்குள் அவன் நெற்றி மட்டும்தான் மிச்சம்.

அங்கே ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். “ரெட்டினா பிரிஞ்சிருக்குங்கம்மா. மேல ரெண்டு மூணு எடத்துல கிழிஞ்சிருக்கு. நடுப்பகுதியும் இப்பத்தான் தூக்கியிருக்கு. நாளைக்கே பண்ணிரலாம்.” நடுப்பகுதி என்று அவர் சொன்னது மேக்குலாவை. எழுத்துப் படிப்பதும் முகம் அடையாளம் தெரிவதும் அந்தச் சின்ன இடத்தை நம்பித்தான். அது பிரியும் முன்பே ஆபரேஷன் நடந்துவிட்டால் பார்வை பெரும்பாலும் பழையபடி நிற்கும். பிரிந்துவிட்டால், திரும்ப ஒட்டின பிறகும் முழுசாக வருவது அரிது. சில நாள் முன்னால் யாராவது சரியாகப் பார்த்திருந்தால் லேசரோடு முடிந்திருக்கும் என்று அந்த நாற்காலியிலேயே புரிந்தது. அழுதேன். டாக்டர் காத்திருந்து, அப்புறம் மெதுவாக மற்ற விவரங்களைச் சொன்னார். அதற்கு அவருக்கு நன்றி.

கண்ணுக்கு வெளியே சிலிகான் பட்டை வைத்து இறுக்குவது ஒரு முறை. உள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டு, விழித்திரையை ஒட்டவைத்து, லேசர் போட்டு, வாயுவோ சிலிகான் எண்ணெயோ நிரப்புவது இன்னொன்று, அதுதான் விட்ரெக்டமி. எனக்கு இரண்டாவது. வாயு தானாகக் கரைந்துவிடும். எண்ணெய் கரையாது, சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். வாயுவிலும் வகை உண்டு. எஸ்எஃப்6 என்பது இரண்டு வாரம் போல நிற்கும். சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் வரை நிற்கும். கிழிசல் ஒன்றுக்கு மேல் இருந்ததால் எனக்கு நீண்ட நாள் நிற்கும் வாயு. லேசர் போட்ட இடம் வடுவாக இறுகும்வரை விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருப்பதுதான் அதன் வேலை. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரக்கவைத்துத்தான் செய்தார்கள், நினைவோடு இருந்தேன். வலி இல்லை. வெளிச்சமும் நிழல்களும் நகர்வது தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும்.

கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் தொற்று, ரத்தக்கசிவு, மறுபடி பிரியலாம் என்றெல்லாம் இருந்தது. விலாசத்தில் குன்னூர் என்று பெரிதாக எழுதியிருந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்வரை வீடு எந்த ஊரில், எப்படிப் போவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்த அச்சுத் தாளில் “விமானப் பயணம் கூடாது” என்ற ஒரு வரி இருந்தது. நான் விமானத்தில் ஏறினதே கிடையாது, அந்த வரியோடு எனக்கு வேலையில்லை. பையை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கும் ஜன்னலில் நின்றேன். மருந்துகளை எண்ணி வைத்த சிஸ்டர் பேச்சுவாக்கில் கேட்டார்.

“எந்த ஊருங்கம்மா?”

“குன்னூருங்க சிஸ்டர். மூணு மணி பஸ்ஸுக்குப் போகணும்.”

அவர் கையிலிருந்த சொட்டு மருந்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, எங்கேயும் போகாதீங்க, இங்கயே உக்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் டாக்டரே வெளியே வந்தார். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில், ஊட்டி 2,240. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். குன்னூர் உயரத்தில் கோவையைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடும். வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட வாயு பெருக்கப் பார்க்கும். கண்ணோ விரிந்து கொடுக்காது. அதனால் உள்ளழுத்தம் எகிறி, விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயே அடைபடலாம். ஒட்டவைத்த கண் ஒரே பயணத்தில் நிரந்தரமாகப் போய்விடலாம். நாலு மணிக்கு நான் எந்த வளைவில் இருந்திருப்பேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது. அந்த சிஸ்டர் கேட்ட ஒரு கேள்வியால்தான் இன்றைக்கு வலது கண்ணில் பார்வை இருக்கிறது.

எண்ணெய் வைத்திருந்தால் மலை ஏறத் தடை இருந்திருக்காதே என்று டாக்டரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன். என் கண்ணுக்கு வாயுதான் நல்லது, முன்பே தெரிந்திருந்தாலும் பெரும்பாலும் அதையேதான் வைத்திருப்பேன் என்றார். அதை நம்புகிறேன். எண்ணெய் என்றால் எடுப்பதற்கு இன்னொரு தடவை கத்தி, எடுத்த பிறகு மறுபடி பிரியும் பயம், நீண்ட நாள் இருந்தால் கண் அழுத்தத் தொல்லை எல்லாம் உண்டு. ஆனால் முந்தின நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதத் துணிமணி, பணம், தங்க இடம் எல்லாம் ஏற்பாடு செய்துகொண்டு மேஜையில் படுத்திருப்பேன். அதனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: என்ன நிரப்பப் போகிறீர்கள், எத்தனை வாரம் இருக்கும், என் வீடு இவ்வளவு உயரத்தில், நான் எங்கே தங்க வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வேண்டும், ஒட்டின பிறகு எவ்வளவு பார்வையை எதிர்பார்க்கலாம். டாக்டருக்கு நேரமில்லையென்றால் கவுன்சலரிடம் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. வாயு இருக்கும்போது வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கக் கூடாது. அது வாயுக் குமிழுக்குள் புகுந்து பெரிதாக்கிவிடும். சில இடங்களில் இதை எழுதிக் கையில் பட்டை கட்டி அனுப்புகிறார்கள். எனக்குக் கட்டவில்லை. சிஸ்டர் ஒரு அட்டையில் “வலது கண்ணில் வாயு உள்ளது, நைட்ரஸ் ஆக்சைடு கூடாது, மலைப் பயணம் கூடாது” என்று தேதியோடு எழுதி போன் கவருக்குள் செருகிக் கொடுத்தார். ரோட்டில் மயங்கி விழுந்தால் நாம் சொல்ல முடியாது, அட்டை சொல்லும்.

அப்புறம் தங்க இடம். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் சில நாள் இருந்தேன். குப்புறப் படுத்துக் கிடக்கும் தனி ஆளுக்கு லாட்ஜ் சரிப்படாது. ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் அக்கா சாய்பாபா காலனியில் மாடியில் ஒரு அறை கொடுத்தார். அவர் கொடுத்த சாப்பாட்டுக்கும் ஊற்றிய சொட்டு மருந்துக்கும் நான் என்ன கைமாறு செய்வேன்?

படுக்கும் விதம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். முதல் சில நாள் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அதற்கப்புறம் இடது கன்னம் தலையணையில் படும்படி. வாயு எப்போதும் மேலே மிதக்கும். கிழிசல் இருக்கும் இடம் மேலே வருமாறு தலையை வைத்தால்தான் அங்கே போய் அழுத்தும். ஆகவே இது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துப் படுக்கைக்காரர் எப்படிப் படுத்தார் என்று பார்த்து நாம் படுக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று, வாயு கரையும்வரை மல்லாக்கப் படுக்கவே கூடாது. குமிழ் முன்னால் வந்து லென்ஸை அழுத்தும். புரையும் வரும், அழுத்தமும் ஏறும். தூக்கத்தில் புரண்டுவிடுவேன் என்று பயந்து, முதுகுப் பக்கம் நைட்டிக்குள் ஒரு துண்டை உருட்டிக் கட்டிக்கொண்டேன். பகலில் மேஜையில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டு வைத்து, நெற்றி ஒன்றில், தாடை ஒன்றில் என்று குனிந்து உட்கார்ந்தேன். டீயை ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன். கழுத்தும் தோளும் கல்லாகிவிட்டன. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அஞ்சு பத்து நிமிஷம் எழுந்து நடக்கலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த அஞ்சு நிமிஷம் இல்லாவிட்டால் முடியாது. மகள் போனில் பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னாள்: நூறு வருஷத்துக்கு முன்னால் இதற்கு வைத்தியமே இல்லையாம், 1920களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் என்ற டாக்டர்தான் கிழிசலை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று காட்டினாராம், எனக்குச் செய்த ஆபரேஷனை அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மாக்கமர் 1970 வாக்கில் தொடங்கினாராம். “நீ பாட்டி காலத்துல பொறந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்” என்றாள். அன்றைக்குக் கொஞ்சம் மனசு தெளிந்தது.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் டாக்டர் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று பட்டியல் போட்டார்கள். கேட்டதற்கு, எல்லாம் சாப்பிடுங்கள், மலச்சிக்கல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தலைக்குக் குளிப்பதுதான் கூடாது, கண்ணுக்குள் தண்ணீர் போனால் தொற்று வரலாம். இரவில் பிளாஸ்டிக் மூடியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சொட்டு மருந்து மூன்று வகை: தொற்றுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஒன்று, கண்மணியை விரித்துவைக்க ஒன்று. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அஞ்சு நிமிஷமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். ஸ்டீராய்டு பாட்டில் பால் நிறத்தில் இருந்தால் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். ஊற்றின பிறகு மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிஷம் விரலால் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. மங்கலான கண்ணோடு பாட்டில் பெயரைப் படிக்க முடியாது என்பதால் அக்கா மூடிகளில் வெவ்வேறு நிற ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு இரவு வலது புருவத்துக்கு மேலே வலி தொடங்கி, விடிவதற்குள் வாந்தி. பித்தம் என்று அக்கா சுக்குக் காப்பி போட்டார். கண்ணும் சேர்ந்து வலித்ததால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் அழுத்தம் 38. சாதாரணமாக 10லிருந்து 21க்குள் இருக்க வேண்டும். வாயுவாலும் ஏறும், ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு ஒத்துக்கொள்ளாமலும் ஏறும். அழுத்தம் குறைக்கும் சொட்டும் டயமாக்ஸ் மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுவென்று ஊரும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். எனக்குப் பக்கவாதம்தான் வந்துவிட்டது என்று பயந்தேன். அது அந்த மாத்திரையின் வழக்கமான பக்கவிளைவு. சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்களும் சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண் வலியோடு தலைவலி, வாந்தி என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். அதேபோல வலி நாளுக்கு நாள் கூடுவது, கண் சிவந்து பீளை தள்ளுவது, இருக்கிற பார்வையும் குறைவது, நிழல் திரும்ப வருவது, எதுவானாலும் உடனே போக வேண்டும். ஸ்டீராய்டை நாமாக நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

குமிழ் இருக்கும்போது பார்வை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லாததால் முதல் நாள் கட்டு அவிழ்த்ததும் கண் போய்விட்டது என்றே நினைத்தேன். கை அசைவது மட்டும்தான் தெரிந்தது. வாயு நிறைந்திருந்தால் எல்லோருக்கும் அப்படித்தான். சில வாரம் போனபின் பார்வையின் மேல் பாதி தெளிந்து, கீழே ஒரு கோடு தெரிந்தது. பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை ஆட்டினால் மட்டம் ஆடுமே, தலையை அசைத்தால் அந்தக் கோடு அப்படியே ஆடும். நாள் போகப் போக கோடு கீழே இறங்கி, குமிழ் வட்டமாகச் சுருங்கி, கடைசியில் குட்டிக் குட்டியாக உடைந்து ஒரு காலையில் காணாமல் போனது. நமக்குத் தெரியவில்லை என்றதும் கிளம்பிவிடக் கூடாது. டாக்டர் பார்த்து, சுத்தமாக இல்லை என்று சொன்ன பிறகுதான் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி ஆனது. அவசரம் என்பதால் இன்ஷூரன்ஸ் அனுமதிக்குக் காத்திராமல் கையிலிருந்தும் கடன் வாங்கியும் கட்டினேன். பிறகு க்ளெய்ம் போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தது. கோவையில் தங்கியது, சாப்பாடு, ஆட்டோ என்று நாற்பதாயிரம் போல. அது எந்தப் பாலிசியிலும் வராது. சம்பளமில்லா லீவு தனி. பல பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவும் கிடைக்கும், ஆகவே சொட்டு மருந்து பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் சேரும்போதே அது அங்கே செல்லுமா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். விழித்திரை ஒட்டிவிட்டது உண்மைதான். ஆனால் வலது கண்ணால் பார்த்தால் கதவு நிலை நடுவில் வளைந்திருந்தது. லெட்ஜரின் கோடுகள் நெளிந்தன, எண்கள் இடது கண்ணில் தெரிவதைவிடச் சின்னதாகத் தெரிந்தன. மேக்குலா பிரிந்து ஒட்டியவர்களுக்கு இது வரும். மாதக்கணக்கில் மெல்லக் குறையும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம். அது கூடிக்கொண்டே போனால், விழித்திரை மேல் மெல்லிய சவ்வு படர்கிறதா என்று, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் பார்ப்பார்கள். குளியலறை டைல்ஸ் கோட்டை வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன், மாற்றம் இருந்தால் தெரிந்துவிடும். தூரம் கணிப்பதும் பழுதானது. டீ ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகும், படி இறங்கும்போது கடைசிப் படி ஏமாற்றும். பாட்டில் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றுவது, படிகளின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்துவைப்பது என்று பழகிக்கொண்டேன். கண்ணாடிக்கடையில் உடனே புதுக் கண்ணாடி போடச் சொல்வார்கள். மூன்று மாதமாவது பொறுங்கள், பவர் நிலைக்காது.

எனக்கு நிலைக்கவே இல்லை, ஏனென்றால் புரை வந்துகொண்டிருந்தது. 50 வயது தாண்டியவர்களுக்கு விட்ரெக்டமிக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குள் புரை வருவது பெரும்பாலும் நிச்சயம். அதையும் யாரும் முன்பே சொல்லவில்லை, பார்வை திரும்ப மங்கியபோது மறுபடி பிரிந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்கவில்லை. முதல் ஆபரேஷனிலேயே பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒட்டிவிடும். மீதிப் பேருக்கு உள்ளே வடுத்திசு வளர்ந்து இழுத்து மறுபடி பிரிவது பெரும்பாலும் முதல் சில மாதத்துக்குள் நடக்கும். அந்தப் பயம் என்ன பாடு படுத்தும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள்; ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் அந்தப் பணம் வீணல்ல.

ஒரு வருஷத்துக்குள் புரை ஆபரேஷனும் ஆனது, முப்பத்தைந்தாயிரம். சில பாலிசிகளில் புரைக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு உண்டு, எனக்கு அதில்தான் இடித்தது. லென்ஸ் பவரைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்னொரு கண்ணின் பவரையும் வைத்து டாக்டரிடம் பேசுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் கண்ணாடியில் தலை சுற்றும். நான் இப்போது இடது கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்கிறேன். வலது கண்ணில் 6/18 வரை படிக்கிறேன், அதாவது நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை நான் 6 மீட்டரில் நின்று படிக்கிறேன். பழைய கண் இல்லை, ஆனாலும் கணக்கு எழுதுகிறேன்.

இடது கண்ணையும் ஓரம்வரை பார்த்ததில் மெலிந்த இடங்களும் ஒரு சின்ன ஓட்டையும் இருந்தன. அதைச் சுற்றி லேசர் வைத்துவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் கொஞ்ச நேரம், லேசான குத்தல், அவ்வளவுதான். ஒரு கண்ணில் வந்தால் மறு கண்ணுக்கும் ஆபத்து உண்டு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் காட்டுகிறேன். மகளுக்கும் மைனஸ் 6. இதுவரை யாரும் அவள் கண்ணில் மருந்து ஊற்றிப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் ஓசூரிலேயே ரெட்டினா டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். அன்றைக்குப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள நான் போகிறேன், மாப்பிள்ளை வண்டி ஓட்டுகிறார்.